சாய்ந்த சீட்டுக்குப் பின்னால்

ஊர் திரும்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் விமானத்தை நினைத்து உள்ளங்கை வேர்க்கத் தொடங்கிவிட்டது. மெல்போர்னில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே மருமகன் நாற்காலியை லேசாகப் பின்னுக்குத் தள்ளினால்கூட நெஞ்சு ஒருமுறை திடுக்கிடுகிறது. வரும் வழியில் நான் செய்த காரியத்தை என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார், இல்லாவிட்டால் இரண்டு நாள் சாப்பிடமாட்டார். எது என்று தெரியாததால் முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை திண்டுக்கல்லில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். மருமகன் அருள் போன் செய்தான். வகுப்பு நேரத்தில் அவன் கூப்பிடமாட்டான். சாக்பீஸைக் கையில் வைத்தபடியே வராந்தாவுக்கு ஓடினேன்.

"அத்தை, ஜெனிக்குப் பிரஷர் ஏறிப்போச்சு. ஆஸ்பத்திரில சேத்துட்டேன். பயப்படாதீங்க. பிள்ளையோட நுரையீரலுக்கு ஊசி போட்டிருக்காங்க. அது வேலை செய்ய ரெண்டு நாள் ஆகுமாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஆபரேஷன்."

மகள் ஜெனிக்கு அப்போது எட்டாவது மாதம்தான். பிரசவத்துக்குப் போக எனக்கு விசா ஏற்கெனவே வந்திருந்தது, ஆனால் பயணம் அடுத்த மாதம் என்று வைத்திருந்தோம். அதை முன்னால் இழுத்தோம். கிடைத்தது புதன்கிழமை மத்தியானம் கிளம்பும் விமானம். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் மெல்போர்னில் இறங்கும். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். அன்று முழுக்க அந்த இரண்டைத்தான் திரும்பத் திரும்பக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

என் அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கை ரோஸிக்கும் இப்படித்தான் பிரஷர் ஏறியது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அன்றைக்கு எனக்குப் பரீட்சை ஹால் டியூட்டி. முடித்துவிட்டுப் போகலாம், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன். நான் போய்ச் சேரும்போது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். "அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனாளாம். அவள் உயிரோடு வெளியே வரவில்லை. பிள்ளையும் தங்கவில்லை. நான் முன்னாலேயே போயிருந்தாலும் அவள் பிழைத்திருக்கமாட்டாள், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் நிற்கிறேன். ஜெனியை உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மாதாவிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

சேவுகம்பட்டியிலிருந்து என் நாத்தனார் கையில் ஒரு பையோடு வந்து இறங்கினாள். பிரசவ லேகியம், சுக்குப்பொடி, கருப்பட்டி, உரித்த பூண்டு. அன்று காலையில் சேதி கேட்டு, மத்தியானத்துக்குள் லேகியம் கிண்டி, சூடு ஆறுமுன் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். டப்பாவைத் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. "மதினி, இது இல்லாம பிள்ளை பெத்த உடம்பு தேறாது. விட்டுட்டுப் போயிராதீக" என்று நாலு தடவை சொன்னாள்.

என் வீட்டுக்காரர் சேசுராஜுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். "பூவ விட்டுட்டு எனக்கு வெளிநாட்டுல என்ன வேலை?" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர். எங்கள் பங்குக் கோயிலில் ஜெருசலேம் யாத்திரை போவதாக ஒரு ஏற்பாடு நடந்தபோது நான் மட்டும் எடுத்து வைத்திருந்தேன். அந்த யாத்திரை நடக்கவில்லை, பாஸ்போர்ட் மிஞ்சியது.

மறுநாள் விமான நிலைய வாசலில் அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே விடமாட்டார்கள். "ஏ புள்ள, பிளேன்ல யாருட்டயும் வாய் குடுக்காத. வகுப்புல பேசுற மாதிரிப் பேசிராத" என்றார். அதைத்தான் சொன்னார்.

நடுவில் மாறும் விமான நிலையம் நம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஐம்பது தடவை அடுக்கி, கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. யாரும் கூவவில்லை. "வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி" என்று ஒரு கண்டக்டர் கதவைத் தட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பலகையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. கண்ணை எடுத்தால் என் விமானம் போய்விடும் என்று அதன் அடியிலேயே நின்றேன். நின்றபடியே விடிந்தது. பசிக்குக் கஞ்சி மாதிரி ஒன்றை வாங்கினேன். உப்பு இல்லை. ஊறுகாய் கேட்கலாமா என்று தோன்றியது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"ஏனுங்க, மெல்போர்ன் பிளேனுக்குத்தானுங்க நிக்கறீங்க?"

அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, காலில் புது ஷூ. என் சேலையைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டுவிட்டார். பெயர் கந்தசாமி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். மகன் வீட்டுக்கு இது மூன்றாவது பயணம். நான் திண்டுக்கல் என்றதும், "பிரியாணி கொண்டாந்தீங்களா?" என்றார். டீச்சர் என்றதும், "அப்பத் தப்பு பண்ணுனா காதத் திருகுவீங்க, தள்ளியே உக்காந்துக்கறனுங்க" என்றார். ஆனால் தள்ளி உட்கார முடியவில்லை. என் சீட்டு ஜன்னலோரம், அவருடையது அதற்கு அடுத்தது.

விமானத்தில் ஏறுவதற்கு முன் அருளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'பிரஷர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கு. ஏழு மணிக்கு முன்னாலயே எடுத்தாலும் எடுப்பாங்க. நீங்க வாங்க.' அதற்கு மேல் போன் வேலை செய்யவில்லை. எட்டு மணி நேரத்துக்கு இதுதான் எனக்குக் கடைசித் தகவல்.

பகல் விமானம். ஜன்னலில் கண் கூசும் வெயில். சாப்பாடு வந்தது. முன்னால் இருந்த தட்டுப் பலகையை இறக்கி, சோறும் கோழியும் கலந்த ஒன்றை வாயில் வைக்கப்போனேன். அப்போது முன் சீட்டு திடீரென்று என் மேல் சாய்ந்தது. தட்டு நெஞ்சில் இடித்தது. குழம்பு சேலையில் கொட்டியது.

முன்னால் ஒரு பெண். செம்பட்டை முடி, ஜெனி வயதுதான் இருக்கும். காதில் எதையோ மாட்டியிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பணிப்பெண் வந்து அவளிடம் ஏதோ சொல்ல, சீட்டு நிமிர்ந்தது. "சாப்பாட்டு நேரத்துல மட்டும் நேரா வெச்சுக்கோணுமாமுங்க. அப்பறம் அவங்க இஷ்டம்" என்றார் கந்தசாமி. தட்டுகளை எடுத்துக்கொண்டு போனதும் அவள் இஷ்டம் தொடங்கியது. இந்தமுறை கடைசி வரை சாய்ந்தாள்.

நான் கனத்த உடம்புக்காரி. முழங்கால் வீக்கம் வேறு. அந்தச் சீட்டின் முதுகு என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. இரண்டு நாளாக நான் தூங்கியிருக்கவில்லை. அந்தச் சீட்டு இன்னும் இறங்கி என்னை ஜன்னலோடு நசுக்கிவிடும், நான் ஏழு மணிக்குப் போய்ச் சேரமாட்டேன் என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. கணக்கு டீச்சருக்கு அப்படியெல்லாம் நடக்காது என்று தெரியாதா? தெரியும். ஆனால் உடம்பு கேட்கவில்லை.

"நீங்களும் சாய்ச்சுக்குங்க டீச்சர்" என்றார் கந்தசாமி. "உங்களுக்குப் பின்னால இருக்கறவங்க அவங்க சீட்டச் சாய்ப்பாங்க. அப்படியே போய்க் கடைசி ஆளு கக்கூஸ் செவுத்துல முட்டிக்குவாருங்க. நம்ம என்ன பண்றது, பொத்தான் வெச்சவனக் கேக்கோணும்."

திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் ஒரு தாய், மடியில் கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். என் சீட்டைச் சாய்த்தால் அதன் தலையில்தான் இடிக்கும். பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

கொஞ்சம் நிமிர்த்துங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், எழுத வரும். வாயைத் திறந்தால் மட்டும் இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்று நாக்கு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் பஸ்ஸில் இப்படி ஆகியிருந்தால் நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருக்கவேமாட்டேன். அதனால் பஸ்ஸில் செய்வதைச் செய்தேன். முழங்காலால் சீட்டின் முதுகை லேசாக இடித்தேன். திரும்பவும் இடித்தேன்.

அவள் எழுந்து திரும்பினாள். "என் சீட்டை உதைப்பதை நிறுத்துங்கள்" என்றாள். முகம் சிவந்திருந்தது.

அவ்வளவுதான். நான் சத்தம் போட்டேன். தமிழில்.

"உதைக்கலம்மா! எனக்கு மூச்சு முட்டுது! மேல வந்து படுத்துக்கிட்டு உதைக்கிறேங்கிறியே! பின்னால மனுசி இருக்காளா செத்துட்டாளான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் சத்தம் போடுவது சண்டையை முடிப்பதற்காகத்தான். நான் பதினோரு வருஷம் வத்தலக்குண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனவள். ஒருமுறை பூக்கூடைக்காரி ஒருத்திக்கும் எனக்கும் சீட்டுக்காகப் பெரிய தகராறு. நான் கைக்குட்டை போட்டு வைத்த இடத்தில் அவள் கூடையை வைத்துவிட்டாள். இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். மறு நிமிஷம் பஸ் முழுக்க எங்கள் விஷயத்தில் இறங்கியது. "ஏத்தா, நீ செத்த தள்ளிக்க." "டீச்சரம்மா, நீங்க கூடையை மடியில வாங்கிக்கங்க." "ரெண்டு பேரும் வாய மூடுங்க, டிக்கெட்டு போடணும்." செம்பட்டி வருவதற்குள் தீர்ப்பாகி, கூடை என் மடியிலும் அவள் என் பக்கத்திலுமாக உட்கார்ந்திருந்தோம். இறங்கும்போது அரை முழம் பூவைக் கிள்ளி என் தலையில் அவளே வைத்துவிட்டாள். சத்தம் போட்டால் நாலு பேர் வருவார்கள், நாலு பேர் வந்தால் தீர்ந்துவிடும். இது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் முன்பே தெரியும்.

விமானத்தில் நாலு பேர் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். சிலர் காதில் மாட்டியிருந்ததை இன்னும் அழுத்திக்கொண்டார்கள். என் சத்தம் மட்டும் அங்கே தனியாக நின்றது. வகுப்பில்கூட நான் அவ்வளவு தனியாகப் பேசியதில்லை.

அவள் உட்கார்ந்து மறுபடி சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் பலிக்கவில்லை என்றால் நமக்கு அடுத்தது கெஞ்சல்தானே. நான் எழுந்து நின்றேன். சாய்ந்திருந்ததால் அவள் முகம் எனக்குக் கீழே, தலைகீழாக, மடியில் படுத்திருக்கும் பிள்ளையின் முகம் மாதிரி தெரிந்தது. காய்ச்சலில் மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் ஜெனியை இப்படித்தான் பார்த்திருக்கிறேன். என் கை தானாகப் போயிற்று. அவள் நாடியை, அந்தச் சின்ன முகவாயை, இரண்டு விரலால் பிடித்தேன்.

"தாயி, உன்னையக் கும்பிடுறேன். செத்த நேரம். செத்த நேரம் நிமித்திக்க சாமி."

அவள் அலறினாள்.

அப்படி ஒரு அலறலை நான் எந்த மனிதரிடமிருந்தும் வரவழைத்ததில்லை. என் கையைத் தட்டிவிட்டு, பெல்ட்டை அவிழ்க்க முடியாமல் இழுத்து, முன்பக்கமாகச் சுருண்டுகொண்டாள். இப்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்த குழந்தை எழுந்து வீரிட்டது. இரண்டு பணிப்பெண்கள் ஓடிவந்தார்கள். என் கை இன்னும் அந்தரத்தில், விரல் குவிந்தபடியே இருந்தது.

அவர்களுக்குத் தலைவி போல ஒரு பெண்மணி கையில் தாளோடு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சக பயணியை அவர் அனுமதியின்றி முகத்தில் தொட்டீர்கள். இது எச்சரிக்கை. மறுபடி நடந்தால் உங்கள் கைகளைக் கட்டவேண்டி வரும். விமானம் இறங்கியதும் நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. அதிகாரிகள் உள்ளே வந்து பேசுவார்கள்.

பாதி எனக்கே புரிந்தது. மீதியைக் கந்தசாமி சொன்னார். கேலி எல்லாம் அவர் குரலிலிருந்து போயிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்கண்ணே. எம் பொண்ணுக்கு ஏழு மணிக்கு ஆபரேஷன். நான் போகணும்."

கேட்டார். அது அதிகாரிகள் கையில் இருக்கிறது என்று அந்தப் பெண்மணி சொன்னார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தப் பெண் சீட்டை நிமிர்த்திவிட்டாள். அதன்பிறகு மூன்றரை மணி நேரம், ஒருமுறைகூட அவள் சாயவில்லை. முதுகு பலகை மாதிரி நிற்க, முன்னால் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். இரண்டு சீட்டுக்கு நடுவிலிருந்த இடுக்கில் அவள் காது தெரிந்தது. அவ்வப்போது கையால் முகவாயைத் துடைத்துக்கொண்டாள். நான் கேட்ட இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் நான் காலை நீட்டவே இல்லை.

"பயந்துபோச்சுங்க அந்தப் புள்ள" என்றார் கந்தசாமி மெதுவாக.

"நான் கெஞ்சத்தானே செஞ்சேன்?"

"நமக்குக் கெஞ்சறதுங்க. அதுக்கு, கண்ணத் தொறந்தா மூஞ்சில யாரோ கை."

தூங்குகிறவள் முகத்தில் தெரியாத கை வந்தால், நான் மட்டும் என்ன செய்திருப்பேன்?

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போனார். பணிப்பெண்ணிடம் முதலில் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகு, அந்தப் பெண்ணின் சீட்டுக்கு இரண்டு அடி தள்ளி நின்று, தன் மண்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். தன் நாடியைத் தானே பிடித்துக் காட்டினார். வயிற்றில் கை வைத்துப் பெரிதாகக் காட்டினார். கடிகாரத்தைக் காட்டினார். அவள் கேட்டாள். கேட்டு முடித்து முன்னால் திரும்பிக்கொண்டாள்.

விமானம் இறங்கியது. எல்லோரும் எழுந்து பைகளை இறக்கினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி எட்டு நிமிஷம். ஆட்கள் நத்தை மாதிரி நகர்ந்தார்கள். ஐந்து இருபது. ரோஸியின் ஆஸ்பத்திரிக்கு நான் போன பஸ் சிலுக்குவார்பட்டியில் பஞ்சராகி நின்றது ஞாபகம் வந்தது. அன்றும் இப்படித்தான், ஜன்னலோரம், ஒன்றும் செய்யமுடியாமல்.

கந்தசாமி போகவில்லை. போகச் சொன்னார்கள், "எங்க ஊரு அம்மாங்க" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு நின்றார். அந்தப் பெண்ணையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முதலில் அவளிடம்தான் பேசினார்கள். புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டது எனக்கே விளங்கியது. அவள் யோசித்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் கடிகாரத்தில் நிமிஷ முள் ஒரு கோடு நகர்ந்தது. பிறகு தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். அதிகாரி என்னிடம் திரும்பினார். நான் தடுமாறுவேன் என்று நினைத்தோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"அவர் புகார் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறார். கேட்காமல் ஒருவரைத் தொடக்கூடாது என்பது உங்களுக்குப் புரிந்ததா என்று நீங்கள் சொல்ல வேண்டும்."

என் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. நான் கொண்டுபோகவில்லை, அவை போயிருந்தன. எட்டு மணி நேரமாக வராத ஆங்கிலம் வந்தது. புரிந்தது என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இலக்கணம் சரியா என்று பார்க்கவில்லை.

அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். சிரிக்கவில்லை. "போங்கள்" என்று கையால் வழி காட்டினாள். தன் பையை எடுக்காமல் ஒதுங்கி நின்று, என்னை முதலில் போகவிட்டாள்.

ஓடினேன். முழங்கால் வலி தெரியவில்லை. பெட்டியை எடுத்து வெளியே வரும் இடத்தில் இரண்டு வரிசை. சாப்பாட்டுப் பொருள் கொண்டுவந்தவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. முதல் வரிசை மலைப்பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி, வேண்டாததைப் போட்டுவிடலாம். நாத்தனாரின் பையை எடுத்தேன். லேகிய டப்பா இப்போது ஆறிப்போயிருந்தது. சுக்கு, கருப்பட்டி, அவள் உட்கார்ந்து உரித்த பூண்டு. "விட்டுட்டுப் போயிராதீக" என்றாளே. அப்படியே பையோடு போட்டேன். திரும்பிப் பார்க்காமல் மற்ற வரிசைக்கு ஓடினேன்.

டாக்ஸிக்காரர் பஞ்சாபி. ஆஸ்பத்திரிப் பெயரைக் காட்டினேன். அவர் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. எதிரே ஈ காக்கை இல்லாத தெருவில் சிவப்பு விளக்குக்கு நின்றார். எங்கள் ஊர் ஆட்டோக்காரர் யாராக இருந்தாலும் இந்நேரம் நடைபாதையில் ஏற்றியிருப்பார். "போங்கள், போங்கள்" என்று சொல்ல வாய் வந்தது. அவர் தோளைத் தட்டக் கையும் வந்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது மாடி. லிப்ட் கதவு திறந்தபோது எதிரே நடைபாதையில் கட்டில் வந்துகொண்டிருந்தது. அருள் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம். ஜெனி முகம் வீங்கி, அடையாளமே மாறியிருந்தது. நர்ஸ் அவளிடம் குனிந்து, "உங்கள் தலைப்பக்கத்தை இப்போது இறக்கப்போகிறேன், சரியா?" என்று கேட்டார். அவள் சரி என்ற பிறகுதான் பொத்தானை அழுத்தினார். கட்டில் மெதுவாகச் சாய்ந்தது. சாயும்போது ஜெனி என்னைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா வந்தாச்சா?"

வந்தாச்சு என்று தலையாட்டினேன். கிட்டே போனேன். கையில் ஊசி, மார்பில் ஒயர்கள், விரலில் கிளிப். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நர்ஸிடம் கேட்டேன், தொடலாமா என்று.

நர்ஸ் விளங்காமல் பார்த்தார். "உங்கள் மகள்தானே?" என்றார்.

அதற்குள் ஜெனி ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கிவிட்டாள். நீட்டி, கீழே இருந்து என் நாடியைப் பிடித்தாள்.

"அழுவாதம்மா. செத்த நேரந்தான். வந்துருவேன்."

யாரும் அலறவில்லை. யாரும் தாளில் எழுதவில்லை. நான் குனிந்து அப்படியே நின்றேன், அவள் விரல் தானாக நழுவும் வரை.

உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். அருள் போனான். என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். அகலமான நாற்காலி. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. இதை இழுத்தால் சாய்ந்துகொள்ளலாம், காலுக்கும் பலகை வரும், ஓய்வெடுங்கள் என்று ஒரு பணியாள் காட்டிவிட்டுப் போனார். நான் இழுக்கவில்லை. நுனியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினேன். எத்தனை மணி ஆயிற்று என்று பார்க்கவில்லை. இரண்டு நாளில் நான் கடிகாரம் பார்க்காமல் இருந்தது அப்போதுதான்.

அருள் வந்தான். தலையில் நீலத் தொப்பி, கண்ணெல்லாம் சிவப்பு.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க அத்தை. பொம்பளப் பிள்ளை. எலிக்குட்டி மாதிரி இருக்கா. கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. ஜெனி பேசுறா. லேகியம் கொண்டாந்தீங்களான்னு கேக்கச் சொன்னா."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவன் மறுபடி உள்ளே ஓடினான். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. கைப்பிடியில் கை வைத்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது வெறும் சுவர்தான்.

இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாய்த்தேன்.